அடுத்த மருந்து எது? கட்டுப்படாத ஆஸ்துமாவும் புதுச்சேரிச் சூழலும்

உறிஞ்சு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தாயிற்று. நோயாளியும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனாலும் ராத்திரியில் இழுப்பு வருகிறது, மாடி ஏறினால் இளைக்கிறது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் சேர்க்க வேண்டிய அடுத்த மருந்து எது என்ற கேள்வியை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடையைச் சொல்லியிருக்கிறது. சில விடைகள் உயிர் காத்தன. சில விடைகள் உயிரையும் வாங்கின.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும் நகரத்தார் மட்டுமல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டத்து மக்களும் வருகிறார்கள். கடலோர ஈரக்காற்றில் தூசி உண்ணியும் பூஞ்சையும் செழிக்கின்றன. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. யானைக்கால் நோயின் நீண்ட வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. இவை மூன்றும் மருந்துத் தேர்வை மாற்றக்கூடியவை. உலக வழிகாட்டு நெறிகளை அப்படியே இங்கே பொருத்தலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் விடைகளின் வரலாறு.

ஊமத்தைப் புகை முதல் டெரிஃபிலின் வரை

ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் பழையது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதைக் கவனித்தார். ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-இல் இந்த முறையை பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்றன. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைச் சத்துகள் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைத் தடுத்து மூச்சுக்குழாயைத் தளர்த்தும். வாய் வறட்சி, படபடப்பு, மனக்குழப்பம் என்று அதன் கெடுதல்களும் பெரியவை. இன்று மூன்றாவது மருந்தாகச் சேர்க்கப்படும் டியோட்ரோபியம் இதே பாதையில்தான் வேலை செய்கிறது.

தேயிலையிலிருந்து 1888-இல் பிரிக்கப்பட்ட தியோஃபிலின் 1920-களில் ஆஸ்துமாவுக்கு வந்தது. எட்டோஃபிலினோடு சேர்ந்து டெரிஃபிலின் என்ற பெயரில் அது இந்தியாவில் ஊன்றிக்கொண்டது. வீசிங் என்று போனால் டெரிஃபிலின் ஊசி போடும் பழக்கம் சிற்றூர்க் கிளினிக்குகளில் இன்னும் மறையவில்லை. 1969-இல் சல்பியூட்டமால் என்ற விரிப்பானும் 1970-களின் தொடக்கத்தில் பெக்லோமெத்தசோன் என்ற உறிஞ்சு ஸ்டீராய்டுப் பம்பும் வந்த பிறகு ஒரு விஷயம் மெல்லத் தெளிந்தது. ஆஸ்துமா வெறும் சுருக்க நோய் இல்லை, அழற்சி நோய். குழாயை விரிப்பது உடனடி நிவாரணம் தரும். அழற்சியைத் தணிப்பதே சிகிச்சை.

சித்த மருத்துவம் சுவாச காசம் என்ற பெயரில் இந்த நோயை அறியும். ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி மூன்றும் வீட்டு வைத்தியத்திலும் உண்டு. தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் சோதித்த ஒரு முன்னோட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. ஒரு வேளை மருந்துக்கே நுரையீரல் செயல்திறன் சற்று கூடியது. ஆனால் அந்தக் கூடுதல் சல்பியூட்டமால், டெரிஃபிலின் மாத்திரைகள் தந்ததைவிடக் குறைவு. ஒரு வேளைக்கான இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு, மோசமாகிவரும் ஆஸ்துமாவுக்கு நீண்ட காலத் துணை மருந்தாக இவற்றைப் பரிந்துரைக்க இயலாது.

ஸ்டீராய்டைக் கூட்டுவதா, துணை சேர்ப்பதா

1990-களின் தொடக்கம் வரை மருத்துவர்களின் விடை எளிமையானது: கட்டுப்படவில்லையா, ஸ்டீராய்டு அளவை இரட்டிப்பாக்கு. இதை அசைத்தது 1994-இல் கிரீனிங் குழு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. 426 நோயாளிகளில் ஒரு பாதிக்கு பெக்லோமெத்தசோன் அளவு இரண்டரை மடங்காக உயர்த்தப்பட்டது. மறு பாதிக்குப் பழைய அளவோடு சால்மீட்டரால் என்ற நீண்ட நேர விரிப்பான் சேர்க்கப்பட்டது. மூச்சின் வேகத்திலும் அறிகுறிகளிலும் இரண்டாம் குழுவே முந்தியது.

அதை உறுதி செய்யவும் சிக்கலாக்கவும் 1997-இல் ஃபேசட் ஆய்வு வந்தது. 852 பேர், ஓராண்டு. ஃபார்மோட்டெரால் என்ற மற்றொரு நீண்ட நேர விரிப்பானைச் சேர்த்தபோது கடும் தாக்குதல்கள் 26 சதவீதம் குறைந்தன. பியூடெசொனைடு என்ற உறிஞ்சு ஸ்டீராய்டின் அளவை நான்கு மடங்காக்கியபோது 49 சதவீதம் குறைந்தன. இரண்டையும் செய்தபோது 63 சதவீதம். அன்றாட மூச்சிளைப்புக்குத் துணை மருந்து நல்லது, ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் தாக்குதலைத் தடுப்பதில் ஸ்டீராய்டுக்கே வலு அதிகம் என்று இதைப் படிக்கலாம். பின்னாளைய மேற்கோள்களில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போனது வருத்தத்துக்குரியது. எந்தக் குறிக்கோளை வைத்து மருந்தைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும் என்று காட்டிய ஆய்வு அது.

ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போவதற்கு எதிரான வாதமும் வலுவானதே. பலனில் பெரும்பகுதி குறைந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டக் கூட்டப் பலன் சிறிதாகவும் பக்கவிளைவு பெரிதாகவும் ஏறுகின்றன. நோய் முற்றும்போது தற்காலிகமாக நான்கு மடங்காக்குவதை பிரிட்டனில் 1,900-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2018-இல் வெளியானது. கடும் தாக்குதல் கண்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 45 ஆனார்கள். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் அமெரிக்கக் குழந்தைகளிடம் ஐந்து மடங்காக்கியபோது பலனே தெரியவில்லை.

நீண்ட நேர விரிப்பானுக்கும் இருண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. 26,000-க்கு மேற்பட்டோர் பங்கேற்ற ஸ்மார்ட் ஆய்வில் சால்மீட்டரால் எடுத்தவர்களில் ஆஸ்துமாவால் 13 பேர் இறந்தார்கள். போலி மருந்துக் குழுவில் 3 பேர். பங்கேற்றவர்களில் பாதிக்கும் குறைவானோரே ஆய்வின் தொடக்கத்தில் உறிஞ்சு ஸ்டீராய்டு எடுத்து வந்தார்கள். விரிப்பான் தனியாகக் கொடுக்கப்படும்போது அறிகுறியை மறைத்து அழற்சியை வளரவிடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஸ்டீராய்டோடு ஒரே கருவியில் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்தில்லையா என்பதை அறிய ஏறத்தாழ 41,000 பேரிடம் நான்கு ஆய்வுகள் நடந்தன. அவை நம்பிக்கை தந்ததால் 2017 டிசம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு கூட்டு மருந்துகள் மீதிருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை நீக்கியது. விரிப்பானைத் தனிப் பம்பாகவோ தனி மாத்திரையாகவோ ஆஸ்துமாவுக்கு எழுதக் கூடாது என்ற பாடம் மட்டும் இன்றும் மாறவில்லை.

இன்றைய முதல் விடை இதிலிருந்து பிறந்தது. பியூடெசொனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பை அன்றாடத் தடுப்புக்கும் அவசர நிவாரணத்துக்கும் பயன்படுத்துவது. ஃபார்மோட்டெரால் சல்பியூட்டமாலைப் போல விரைவாக வேலை செய்வதால் இது இயலுகிறது. மூச்சு முட்டும்போதெல்லாம் ஸ்டீராய்டும் தானாகவே உள்ளே போகிறது. 2018-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீட்டில் இந்த முறை கடும் தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-இல் சல்பியூட்டமாலை மட்டும் வைத்துச் சமாளிக்கும் முறையைக் கைவிட்டது. 2021-இல் ஒரே பம்பு முறையை முதன்மைப் பாதையாக்கியது. சல்பியூட்டமால் பம்பே ஆஸ்துமா மருந்து என்று பழகிப்போன ஊர்களில் இந்த மாற்றம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

மாத்திரையின் ஈர்ப்பு

பம்பு பழகிவிடும், பெண்ணுக்கு வரன் தேடும்போது பம்பு தெரியக் கூடாது என்ற தயக்கங்கள் தமிழ் வீடுகளில் வலுவானவை. அதனால் மாத்திரையாக வரும் துணை மருந்துக்கு இங்கே இயல்பான வரவேற்பு உண்டு. 1998-இல் வந்த மான்டெலுகாஸ்ட், லெவோசெட்ரிசினோடு சேர்ந்து இந்தியாவின் மருந்துக் கடைகளில் நன்றாக ஓடும் மாத்திரைகளில் ஒன்றாகிவிட்டது. 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது.

சான்று என்ன சொல்கிறது? உறிஞ்சு ஸ்டீராய்டோடு எதைச் சேர்ப்பது என்ற ஒப்பீடுகளைத் தொகுத்த 2014 காக்ரேன் மதிப்பீட்டில், வாய்வழி ஸ்டீராய்டு தேவைப்படும் தாக்குதல்கள் மான்டெலுகாஸ்ட் வகையில் 13 சதவீதமாகவும் நீண்ட நேர விரிப்பானில் 11 சதவீதமாகவும் இருந்தன. வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. பிரிட்டனில் அன்றாட மருத்துவச் சூழலிலேயே நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் இரண்டு மாதங்களில் இரண்டும் சமம் என்றது. இரண்டு ஆண்டு முடிவில் அந்தச் சமத்தை நிறுவ முடியவில்லை. சோதனைக்கூட ஒழுங்கிலிருந்து விலகி மனிதர்கள் மருந்தைத் தாங்கள் எடுக்கும் விதத்திலேயே எடுக்கும்போது, எடுக்கப்படும் மாத்திரை எடுக்கப்படாத பம்பை நெருங்கிவிடுகிறது. இது நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி.

மான்டெலுகாஸ்ட் கெடுதலற்ற மாத்திரை என்ற எண்ணத்தை 2020 மார்ச் கலைத்தது. தூக்கக் கோளாறு, கொடுங்கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் குறித்து அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புப் பெட்டி எச்சரிக்கை விதித்தது. எல்லாருக்கும் இவை வருவதில்லை. வரும்போது பெற்றோர் அதை மாத்திரையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதும் அரிது. மூக்கொழுகலும் தும்மலும் கூடிய ஆஸ்துமா, உடற்பயிற்சியில் வரும் இளைப்பு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா ஆகியவற்றில் இம்மருந்து தனிப் பலன் தரலாம். எழுதும் மருத்துவர் அந்த எச்சரிக்கையை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்வது அவசியம்.

தியோஃபிலினுக்கு 1997-இல் மறுவாழ்வு ஒன்று கிடைத்தது. குறைந்த அளவு பியூடெசொனைடோடு குறைந்த அளவு தியோஃபிலின் சேர்ப்பது, பியூடெசொனைடை மட்டும் உயர்த்துவதற்கு ஈடாக நிற்கும் என்று லண்டன் ஆய்வொன்று காட்டியது. விலை மிகக் குறைவு என்பதே இதன் பெரிய நியாயம். ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகள் இரத்தத்தில் இதன் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். இரத்த அளவைச் சோதிக்க வசதியில்லாத இடத்தில் வயதானவர்களுக்கு இதை நீண்ட நாள் கொடுப்பது கவலைக்குரியது.

மூன்றாவது மருந்து

கூட்டுப் பம்பும் போதவில்லை என்றால் டியோட்ரோபியம். கெர்ஸ்ட்யென்ஸ் குழு 912 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட இரட்டை ஆய்வுகளில் முதல் கடும் தாக்குதல் வருவது 226 நாளிலிருந்து 282 நாளுக்குத் தள்ளிப்போனது. மூச்சு வெளியேறும் அளவும் ஓரளவு கூடியது. அறிகுறிகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. மூன்று மருந்தும் ஒரே கருவியில் வரும் கூட்டுகளைச் சோதித்த டிரிமரான், டிரிகர், கேப்டன் ஆய்வுகளும் ஏறத்தாழ இதே தொனியில்தான் பேசுகின்றன. நுரையீரல் அளவீடு நன்றாக முன்னேறுகிறது, தாக்குதல்கள் குறைவது அத்தனை உறுதியாக இல்லை. புகைப்பழக்கமோ நீண்ட கால விறகுப் புகையோ சேர்ந்த, ஆஸ்துமாவா நாள்பட்ட அடைப்பு நோயா என்று பிரிக்க முடியாத நடுவயதினரிடம் இம்மருந்துக்குக் கூடுதல் நியாயம் உண்டு.

அசித்ரோமைசின் மற்றொரு வழி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான அமேசஸ் ஆய்வில் வாரம் மூன்று முறை 500 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் தாக்குதல்கள் ஆண்டுக்கு 1.86-லிருந்து 1.07 ஆகக் குறைந்தன. ஆனால் இதை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது மருந்தெதிர்ப்பு என்ற கேள்வி உடனே எழும். நுண்ணுயிர்க்கொல்லிகளை ஏற்கெனவே தாராளமாக விழுங்கும் ஒரு நாட்டில் நாற்பத்தெட்டு வாரச் சிகிச்சையின் விலையை ஒரு நோயாளியின் நன்மையை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

ஈசினோஃபில் எண்ணிக்கையும் யானைக்கால் ஊரும்

கடைசிப் படியில் உயிரியல் ஊசிகள் நிற்கின்றன. 2003-இல் ஓமலிசுமாப், 2015-இல் மெபோலிசுமாப், 2017-இல் பென்ரலிசுமாப், பிறகு டூபிலுமாப், 2021-இல் டெசெபெலுமாப் என அவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சரியான ஆளுக்குக் கிடைத்தால் வாய்வழி ஸ்டீராய்டிலிருந்தே விடுதலை தரக்கூடிய மருந்துகள் இவை. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும் என்பது ஒரு தடை. சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அதைவிட நுட்பமான தடை.

மேலை நாடுகளில் ஈசினோஃபில் என்ற இரத்த வெள்ளணுவின் எண்ணிக்கை 150, 300 என்ற எல்லைகளை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். குடற்புழுவும் யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியாப் புழுவும் இருந்த மண்ணில் அந்த எண் தானாகவே உயர்ந்திருக்கலாம். 1940-இல் மதனப்பள்ளி சானடோரியத்தில் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் காசநோய் போலத் தோன்றி ஈசினோஃபில் மிகுந்த ஒரு நுரையீரல் நோயை விவரித்தார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபீலியா என்று பெயரிட்டார். ஃபைலேரியா நுண்புழுக்களுக்கு உடல் காட்டும் மிகை எதிர்ப்பே அது என்று பின்னர் தெரிந்தது. இரவில் இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் ஆஸ்துமாவை ஒத்திருக்கும். ஈசினோஃபில் எண்ணிக்கை பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டும். பம்பு எத்தனை கூட்டினாலும் அடங்காது. டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

புதுச்சேரி இந்த வரலாற்றுக்கு நெருக்கமான ஊர். 1975-இல் இங்கே தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை நகரத்தில் ஃபைலேரியா கொசுக்களைக் கட்டுப்படுத்தும் பெரிய செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. நோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே எல்லா ஈசினோஃபில் உயர்வையும் ஃபைலேரியாவின் தலையில் கட்டுவது தவறாகும். குறையாத இழுப்பும் மிக உயர்ந்த எண்ணிக்கையும் கொண்ட ஒருவரிடம் அதை நினைத்துக்கூடப் பார்க்காமல் விலையுயர்ந்த ஊசிக்குப் போவதும் தவறுதான். ஓமலிசுமாப் அளவைத் தீர்மானிக்கும் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் மதிப்பிலும் இதே குழப்பம் உண்டு.

ஆஸ்துமாவோடு சேர்ந்து நின்று அதை அடங்கவிடாத இன்னொரு நோய் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை ஒவ்வாமை. இதில் இந்தியாவின் பங்களிப்பு உலகத் தரமானது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் ரித்தேஷ் அகர்வால் குழு 131 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெட்னிசலோன் என்ற வாய்வழி ஸ்டீராய்டு எடுத்த அனைவருக்கும், இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி எடுத்தவர்களில் 88 சதவீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. பூஞ்சைக்கொல்லியே சரியான துணை மருந்தாகும் நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பது இதன் பொருள். ஈரம் மிகுந்த கடலோர ஊரில் இதைத் தேடாமல் விடக் கூடாது.

எதன் மேல் சேர்ப்பது

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன: முதல் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறது. நெதர்லாந்துக் கணக்கொன்றில் ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கு நோய் அடங்க மறுத்தது. பம்பு அடிக்கும் முறையும் ஒழுங்கும் சரியாக இருந்தவர்களை மட்டும் எண்ணியபோது உண்மையான தீவிர ஆஸ்துமா 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது புது மருந்தா, பழைய மருந்தின் சரியான பயன்பாடா என்பது வெளிப்படை.

இந்தியாவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இங்கே ஏறக்குறைய 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம். ஆஸ்துமா மரணங்களில் நம் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. தீவிர அறிகுறி உள்ளவர்களில்கூடப் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அன்றாடம் உறிஞ்சு ஸ்டீராய்டு எடுக்கிறார்கள் என்று உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு காட்டியது. நாலாவது படி மருந்தைப் பற்றி விவாதிக்கும் நாட்டில் பெரும்பாலோர் முதல் படியிலேயே நிற்கிறார்கள். ஸ்பேசர் வைத்து அடிக்கிறாரா, ரோட்டாகேப்சூலை விழுங்கிவிடுகிறாரா, அடித்தபின் வாய் கொப்பளிக்கிறாரா, ரத்த அழுத்தத்துக்கு புரோப்ரனலால் எடுக்கிறாரா, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரைக்குப் பின் இழுப்பு கூடியதா, வீட்டில் கொசுவர்த்திப் புகை உண்டா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடமே மிக அரிய மருந்து.

சர்க்கரை நோயும் காசநோயும்

துணை மருந்து தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலோ தாமதமானாலோ நோயாளி வாய்வழி ஸ்டீராய்டில் போய் நிற்பார். ஐந்து நாள் பிரெட்னிசலோன் விரைவாக நிவாரணம் தருவதால் சீட்டே இல்லாமல் திரும்பத் திரும்ப வாங்கப்படுகிறது. வாழ்நாளில் மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை சேர்ந்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை, கண்புரை போன்ற அபாயங்கள் உயரத் தொடங்குவதாக 2018-இல் வெளியான பெரிய கவனிப்பாய்வு சுட்டியது. நாலைந்து தாக்குதல்களிலேயே எட்டிவிடும் அளவு இது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் சர்க்கரை நோய் 26.3 சதவீதம் என்று புதுச்சேரி நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தது, கோவா 26.4. இந்த ஊரில் பிரெட்னிசலோன் ஒரு முறைக்கு இரு முறை எழுதப்படும்போது மூச்சு சரியாகிச் சர்க்கரை கட்டுமீறும் நோயாளியும் எதிரே உட்கார்ந்திருப்பார். ஆகவே தாக்குதல்களைக் குறைப்பதையே துணை மருந்தின் முதல் அளவுகோலாக வைக்க இங்கே கூடுதல் காரணம் இருக்கிறது. அந்த அளவுகோலில் ஒரே பம்பு முறை மற்றவற்றைவிட முன்னே நிற்கிறது. காசநோய் உள்ள நாட்டில் நீண்ட நாள் அதிக அளவு ஸ்டீராய்டு எந்த வடிவில் போனாலும், இருமல் மாறினாலோ எடை குறைந்தாலோ சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தள்ளிப்போடத் தக்கவை ஆகா.

எவை இன்னும் முடிவாகவில்லை

முதல் துணை மருந்து எது என்பதில் கருத்து ஏறக்குறைய ஒன்றுபட்டுவிட்டது. இரண்டாவதில் அப்படியில்லை. டியோட்ரோபியம், மான்டெலுகாஸ்ட், குறைந்த அளவு தியோஃபிலின் ஆகிய மூன்றில் எதை முதலில் முயல்வது என்பதற்கு வலுவான நேரடி ஒப்பீடு போதவில்லை. விலை, வயது, இதயத் துடிப்பு, மூக்கு ஒவ்வாமை, புகைப் பழக்கம் என்று ஆளுக்கு ஆள் பார்த்து மருத்துவர் முடிவு செய்வதே இப்போதைக்கு நியாயம். எதைத் தேர்ந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பார்த்து, பலன் தராததை நிறுத்தும் ஒழுக்கம் வேண்டும். சேர்ப்பது எளிது, நிறுத்துவது யாருக்கும் நினைவில் வருவதில்லை. நோயாளி தானாக நிறுத்துவதும் மாற்றுவதும் ஆபத்து.

குழந்தைகளில் நிலை இன்னும் திறந்தது. 2010-இன் பேட்ஜர் ஆய்வில் 182 குழந்தைகளிடம் ஸ்டீராய்டு உயர்வு, நீண்ட நேர விரிப்பான், மான்டெலுகாஸ்ட் ஆகிய மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட நேர விரிப்பான் அதிகம் பேருக்குப் பொருந்தியது, ஆனால் ஸ்டீராய்டு உயர்வோ மான்டெலுகாஸ்டோ சிறப்பாகப் பொருந்திய குழந்தைகளும் கணிசம். கறுப்பினத்தவரிடம் நடந்து 2019-இல் வெளியான பார்ட் ஆய்வு, வயதுக்கு ஏற்ப விடை மாறக்கூடும் என்று உணர்த்தியது. தென்னிந்தியர்களுக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை அமெரிக்க எண்களை வைத்து அனுமானிக்க முடியாது. ஈசினோஃபில் 300 என்ற எல்லை ஃபைலேரியா இருந்த கடலோரத்தில் செல்லுமா, புழு நீக்கிய பிறகு எத்தனை மாதம் கழித்து எடுத்த எண்ணை நம்பலாம் என்பவையும் இங்கேயே அளந்து பார்க்க வேண்டிய கேள்விகள். 1823-இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய ஜிப்மரும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் ஒரே ஊரில் இருப்பதால் அதைச் செய்ய வேறெங்கும் போக வேண்டியதில்லை.